அல்வாப் பெட்டி முதல் கல்யாண அழைப்பிதழ் வரை: திரையிலும் அச்சிலும் நிறத்தைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி டவுனில் ஓர் அல்வாக் கடைக்கு வடிவமைப்பு வேலை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ பெட்டி, துணிப்பை, கடை முகப்புக்கு ஃபிளெக்ஸ், வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படம். நான்கிலும் ஒரே பழுப்பும் ஒரே மஞ்சளும் வரவேண்டும் என்று கடை அண்ணாச்சி கேட்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் இந்த நான்கும் நான்கு விதமாக நிறத்தை உண்டாக்குகின்றன. அதைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கினால் அவர் கேட்டதற்கு வெகு அருகில் போய்விடலாம்.

பல டிடிபி சென்டர்களில் நடப்பது இது: திரையில் பளிச்சென்று ஒரு நிறத்தைப் பிடிப்பார்கள், அதைக் கைப்பேசியில் காட்டிச் சம்மதம் வாங்குவார்கள், கடைசியில் அச்சுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது நிறம் மங்கும், அப்புறம் பழி அச்சகத்தின் மேல் விழும். நான் சொல்லப்போகும் முறை இதற்கு நேர் எதிரானது. எந்தப் பொருளில் நிறத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவோ அங்கே தொடங்குங்கள். திரைக்குக் கடைசியில் வாருங்கள். தாளில் வருகிற நிறம் பெரும்பாலும் திரையில் வந்துவிடும். திரையில் வருவதெல்லாம் தாளில் வராது.

படி 1: வேலை எங்கே போய்ச் சேர்கிறது?

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டிக்கான அட்டை டூப்ளெக்ஸ் போர்டா, ஆர்ட் கார்டா? எத்தனை ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? லேமினேஷன் உண்டா, உண்டென்றால் பளபளப்பா, மாட்டா? பை காடாத் துணியா, வெளுத்த துணியா? எத்தனை பிரதி? எந்த ஊரில் அச்சு? நெல்லையிலேயே அடிப்பதும் உண்டு. எண்ணிக்கை கூடினால் கோவில்பட்டி தாண்டிச் சிவகாசிக்குப் போவதும் உண்டு. அச்சகம் முடிவானதும் அவர்களிடம் எந்தத் தாள், எந்த நிற புரொஃபைல் (அந்த அச்சில் எந்த எண் எந்த நிறமாக வரும் என்று சொல்லும் கோப்பு), மொத்த மை அளவு (ஓரிடத்தில் விழும் எல்லா மைகளின் சதவீதக் கூட்டல்) எவ்வளவு வரை போகலாம் என்று கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சுதான்.

அச்சில் வழக்கமாக நான்கு மை. தாளை ஐந்தாவது நிறமாக நினைத்துக்கொள்வது நல்லது. சாதாரண அச்சில் வெள்ளை என்று ஒரு மை கிடையாது. நீங்கள் வெள்ளையாக விடும் இடத்தில் தெரிவது தாள். பழுப்பு கிராஃப்ட் தாளில் அடித்தால் அந்தப் பழுப்பு எல்லா நிறத்துக்குள்ளும் கலந்துவிடும். மஞ்சள் கிட்டத்தட்ட காணாமல் போகும்.

படி 2: நிற மாதிரிகளைப் புரிந்துகொள்ளுங்கள்

திரையில் ஆர்ஜிபி. இருட்டில் தொடங்கி ஒளியைச் சேர்த்துக்கொண்டே போவது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று ஒளியும் முழு அளவில் சேர்ந்தால் வெள்ளை. 1861இலேயே ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், மூன்று வண்ண வடிகட்டிகள் வழியே எடுத்த படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒளியாய்ப் பாய்ச்சி, வண்ணப் படத்தைத் திரையில் காட்டினார். இன்று உங்கள் கைப்பேசி செய்வதும் அதுதான். ஒவ்வொரு ஒளிக்கும் 0 முதல் 255 வரை 256 நிலைகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். வலைத்தளங்களில் இதையே பதினாறடிமான எண்ணில், ஒளிக்கு இரண்டு இடமாக, ஆறு இடக் குறியீடாக எழுதுகிறார்கள். #800000 என்றால் சிவப்பு மட்டும் பாதி அளவில் எரிகிறது, அதாவது 128, 0, 0. நம் ஊரில் மெரூன் என்று சொல்லும் நிறம்.

ஆர்ஜிபி எண்களை மட்டும் சொன்னால் போதாது. எந்த ஆர்ஜிபி என்பதும் முக்கியம். 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபிதான் இணையத்துக்குப் பொதுவான அளவுகோல். அடோபி ஆர்ஜிபி அதைவிட அகலமானது, குறிப்பாகப் பச்சைப் பக்கம். அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படத்தை, புரொஃபைலைக் கவனிக்காத செயலியில் திறந்தால் நிறம் வெளிறித் தெரியும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்று எதற்கானாலும் எஸ்ஆர்ஜிபி போதும்.

அச்சில் சிஎம்ஒய்கே, அதாவது சயான் (வெளிர் நீலப்பச்சை), மெஜந்தா (அடர் ரோஸ்), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை. இங்கே வெள்ளைத் தாளில் தொடங்கி ஒளியைக் கழித்துக்கொண்டே போகிறோம். சயான் மை சிவப்பு ஒளியை விழுங்குகிறது. மெஜந்தா பச்சையை விழுங்குகிறது. மஞ்சள் நீலத்தை விழுங்குகிறது. மூன்றும் சேர்ந்தால் கறுப்பு வரவேண்டும். ஆனால் நிஜ மைகள் அத்தனை சுத்தமானவை அல்ல, சேறு போன்ற ஒரு பழுப்புதான் வரும். அதனால்தான் நான்காவதாகத் தனிக் கறுப்பு. எழுத்தைக் கூர்மையாக வைத்திருப்பதும், மை செலவைக் குறைப்பதும் அந்தக் கறுப்புதான்.

ஆப்செட்டில், அதாவது நிறத்துக்கு ஒரு தகடு (பிளேட்) செய்து அடிக்கும் வழக்கமான அச்சில், வெளிர் நிறத்துக்கென்று வெளிர் மை கிடையாது. எல்லாம் புள்ளிகள். பெட்டியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகளும் வேறு வேறு கோணத்தில் நிற்கும். வழக்கமான கோணங்கள் கறுப்புக்கு 45, மெஜந்தாவுக்கு 75, சயானுக்கு 15, மஞ்சளுக்கு 0. கோணம் பிசகினால் கண்ணை உறுத்தும் அலை அலையான கோலம் விழும். இன்னொன்று, மை தாளில் பரவும். பிளேட்டில் 50% புள்ளி, பூச்சுள்ள ஆர்ட் தாளிலேயே 65% அளவுக்குக் கனத்துப்போகும். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் இன்னும் கூடும். நிறம் எதிர்பார்த்ததைவிட இருண்டு வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். சரியான புரொஃபைல் இந்தப் பரவலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

எந்த நிறங்கள் அச்சில் ஏமாற்றும்? திரையின் முழுப் பச்சை, அதாவது 0, 255, 0. நெல் நாற்றின் பளீர்ப் பச்சையை நினைத்துக்கொண்டு அதைப் போடுவார்கள், நான்கு நிற அச்சில் அந்த ஒளிர்வு வரவே வராது. திரையின் முழு நீலம் தாளில் ஊதாவாக விழும். நீலம் நீலமாகவே நிற்கவேண்டுமானால் சயானைவிட மெஜந்தா குறைந்தது 30 சதவீதமாவது குறைவாக இருக்கட்டும். சயான் 100 என்றால் மெஜந்தா 70க்கு மேல் வேண்டாம். பளிச்சிடும் ஆரஞ்சு, ரோஸ் ஆகியவையும் மங்கும். தலைகீழான ஒரு விதிவிலக்கும் உண்டு: தாளில் அடித்த சுத்தமான சயானை எஸ்ஆர்ஜிபி திரையால் முழுதாகக் காட்ட முடியாது.

மூன்றாவது மாதிரி ஹெச்எஸ்பி. சாயல், செறிவு, ஒளிர்வு. இதுவும் ஆர்ஜிபிதான், மனிதர் யோசிக்கும் விதத்தில் திருப்பி எழுதியது. 1978இல் ஆல்வி ரே ஸ்மித் வெளியிட்டது இதன் அடிப்படை. சாயல் 0 முதல் 360 டிகிரி வரை ஒரு வட்டம். சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120, சயான் 180, நீலம் 240, மெஜந்தா 300. நிறச் சேர்க்கை யோசிக்கும்போது நான் இந்தப் பெட்டியை மட்டுமே திறந்து வைத்திருப்பேன். சிஎம்ஒய்கே ஸ்லைடரை வைத்து நிறம் தேடுவது வீண் அலைச்சல்.

லேப் என்று ஒன்றும் மென்பொருளில் தெரியும். 1976இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்தது. இயந்திரத்தைப் பொறுத்தல்ல, மனிதக் கண் பார்ப்பதைப் பொறுத்து நிறத்தை அளப்பது. ஆர்ஜிபியிலிருந்து சிஎம்ஒய்கேக்கு மாற்றும்போது மென்பொருள் உள்ளே லேப் போன்ற ஒன்றின் வழியாகத்தான் போகிறது. நீங்கள் நேரடியாகத் தொடவேண்டிய தேவை அதிகம் வராது.

கடைசியாக ஸ்பெஷல் கலர், அதாவது புள்ளிகளால் கலக்காமல் ஒரே மையாகக் கலந்து டப்பாவிலிருந்து ஊற்றி அடிப்பது. 1963 முதல் பேன்டோன் எண்கள் இதற்கு ஒரு பொதுமொழியாக இருக்கின்றன. இதைப் பற்றிக் கொஞ்சம் கழித்து விரிவாகச் சொல்கிறேன், நம் ஊர் வேலைகளுக்கு இது மிகவும் பொருத்தமானது.

படி 3: முதல் நிறத்தைப் பொருளிலிருந்து எடுங்கள்

நிறச் சேர்க்கை செயலிகள் தரும் ஆயத்தத் தட்டுகள் எந்த ஊருக்கும் பொருந்தும். அதனாலேயே எந்த ஊருக்கும் சொந்தமாக இருப்பதில்லை. நம்மிடம் கண் முன்னால் எத்தனை நிறங்கள்! திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணல், இரும்பு ஆக்சைடு படிந்த அந்தச் செம்பழுப்பு. அம்பாசமுத்திரம் வயலின் நாற்றுப் பச்சை, அதுவே அறுவடைக்கு முன் ஏறும் பொன்மஞ்சள். கருப்பட்டியின் கறுப்புக்கு ஒரு படி முந்திய பழுப்பு. சாரல் நாளில் குற்றால மலையின் சாம்பல் கலந்த நீலப்பச்சை.

அல்வாவிலிருந்தே தொடங்குவோம். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத நிழலில், ஒரு வெள்ளைத் தாளை அருகில் வைத்துப் படம் எடுங்கள். டியூப்லைட்டில் எடுத்தால் பச்சை கலக்கும், மஞ்சள் பல்பில் எடுத்தால் ஆரஞ்சு கலக்கும். அந்த வெள்ளைத் தாளை வைத்துப் படத்தின் வெண்மையைச் சரிசெய்துகொண்டு நிறத்தை உறிஞ்சி எடுங்கள். ஒற்றைப் பிக்ஸலில் எடுக்காதீர்கள். நெய் மினுங்கும் இடத்தில் ஒன்றும் நிழலில் வேறொன்றும் வரும். ஃபோட்டோஷாப்பில் 31க்கு 31 சராசரி என்று வைத்துக்கொண்டால் நிதானமான நிறம் கிடைக்கும்.

ஏறக்குறைய 146, 78, 32 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஹெச்எஸ்பியில் சாயல் 24 டிகிரி, செறிவு 78, ஒளிர்வு 57. அச்சில் சயான் 30, மெஜந்தா 70, மஞ்சள் 100, கறுப்பு 25 என்று தொடங்கலாம். மொத்த மை 225, எந்தத் தாளுக்கும் அடங்கும். இது தொடக்க எண்தான். முடிவை புரூஃப், அதாவது மாதிரி அச்சு, சொல்லட்டும்.

படி 4: வட்டத்தில் துணை நிறங்களைத் தேடுங்கள்

நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் நிறங்களை ஒரு வட்டமாக வளைத்து வரைந்தார். நாம் இன்றும் அந்த வட்டத்தில்தான் சுற்றுகிறோம். 24 டிகிரியில் நிற்கும் பழுப்பிலிருந்து என்னென்ன கிடைக்கும் என்று பார்க்கலாம்.

ஒரே சாயலில் செறிவையும் ஒளிர்வையும் மட்டும் மாற்றினால் ஒற்றைச் சாயல் சேர்க்கை. கருப்பட்டி, அல்வா, வெந்த கோதுமைப் பாலின் வெளிர் நிறம் என்று இறங்கிவரும். தவறவே முடியாத சேர்க்கை. ஆனால் கடைத்தெருவில் பத்துப் பெட்டிகளுக்கு நடுவே கண்ணில் படாது.

இருபுறமும் 30 டிகிரி நகர்ந்தால் அண்டைச் சேர்க்கை. 354இல் குங்குமச் சிவப்பு, 54இல் மஞ்சள். இனிப்புக் கடைக்கு இதுதான் என் தேர்வு. மூன்றுமே சூடான நிறங்கள், மூன்றும் நம் விசேஷ வீடுகளில் ஏற்கெனவே சேர்ந்து இருப்பவை.

நேர் எதிரே 204 டிகிரியில் நீலம். இது எதிர்ச் சேர்க்கை. பழுப்பை முன்னால் தள்ளிக் காட்டும், ஆனால் உணவுப் பெட்டியில் நீலத்தை அளவாக வைக்கவேண்டும். அந்த நீலத்தை விட்டுவிட்டு அதன் இரு பக்கத்து நிறங்களான 174, 234 இரண்டையும் எடுத்தால் பிளந்த எதிர்ச் சேர்க்கை, உறுத்தல் குறையும். 120 டிகிரி இடைவெளியில் மூன்று நிறம் எடுப்பது முக்கோணச் சேர்க்கை. 144இல் பச்சை, 264இல் ஊதா. குழந்தைகள் நிகழ்ச்சி நோட்டீஸுக்கு நன்றாக வரும். அல்வாவுக்கு வேண்டாம்.

ஓவிய வகுப்பில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். ஓவியர்களின் வட்டம் சிவப்பு, மஞ்சள், நீலத்தை மூலமாக வைத்தது. அதில் சிவப்புக்கு எதிர் பச்சை. திரை வட்டத்தில் சிவப்புக்கு எதிர் சயான். இரண்டில் எதை வைத்து வேலை செய்தாலும் சரி. ஆனால் ஒரே வேலையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

சாயலைவிட முக்கியமானது பங்கீடு. ஒன்று பெரும்பரப்பு, ஒன்று அதில் பாதி, ஒன்று சிறு துளி. 60, 30, 10 என்று சொல்வார்கள். பத்தமடைப் பாயைப் பாருங்கள். பல பாய்களில் கோரையின் வைக்கோல் நிறமே பெரும்பரப்பாகக் கிடக்கும். சாயம் ஏற்றிய பட்டைகள் ஓரங்களில் மட்டும் ஓடும். பெரும்பரப்பு அமைதியாக இருப்பதால்தான் அந்தப் பட்டை எடுத்துக் காட்டுகிறது. பெட்டியில் பழுப்பு 60, மஞ்சள் 30, குங்குமம் 10 என்று வையுங்கள். மூன்றையும் சமமாகப் போட்டால் பெட்டி இரைச்சல் போடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நம் தென் மாவட்டங்களில் இரண்டு மூன்று நிறங்கள் பட்டைபட்டையாக அருகருகே வந்தாலே கட்சிக் கொடியாகவோ சாதிக் கொடியாகவோ வாசிக்கப்படும். வடிவமைப்பாளர் மனதில் அப்படி ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் கடைக்காரருக்குத்தான் அதன் விளைவு. முடிவு செய்யும் முன் அந்த ஊர்க்காரர் இரண்டு பேரிடம் காட்டிக் கேளுங்கள். பட்டைகளைக் கலைத்து, ஒன்றைப் பின்னணியாகவும் இன்னொன்றை எழுத்தாகவும் மாற்றினாலே பெரும்பாலும் அந்த வாசிப்பு போய்விடும்.

படி 5: படிக்க முடிகிறதா என்று எண்ணால் அளந்து பாருங்கள்

வலை அணுகல் விதிகளான டபிள்யூசிஏஜி, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை ஒரு விகிதமாக அளக்கிறது. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்குக் குறைந்தது 3. இணையத்தில் இலவசமாகவே கணக்கிடும் கருவிகள் இருக்கின்றன. திரைக்காக வந்த விதிதான், ஆனால் அச்சுக்கும் இதை ஒரு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

நம் சுவர்களில் மிகவும் பழகிய சேர்க்கை, சிவப்பின் மேல் மஞ்சள் எழுத்து. திரையின் முழுச் சிவப்பின் மேல் 255, 204, 0 என்ற மஞ்சளை வைத்தால் விகிதம் வெறும் 2.6. தலைப்புக்குக்கூடப் போதாது. சிவப்பை மெரூனுக்கு, அந்த 128, 0, 0க்கு இறக்குங்கள். அதே மஞ்சள் 7.2க்கு ஏறிவிடும். மரபு கெடவில்லை, எழுத்து தெளிந்துவிட்டது. நம் அல்வாப் பழுப்பின் மேல் அதே மஞ்சள் 4.2 வரும். கடைப் பெயருக்குச் சரி, விலாசத்துக்குச் சரியல்ல. விலாசத்தை வெள்ளையில் போடுங்கள், 6.3 கிடைக்கும். வெள்ளையின் மேல் மஞ்சள் எழுத்து 1.5தான், அதை எங்குமே செய்யவேண்டாம்.

பச்சையின் மேல் சிவப்பு எழுத்தும் அப்படித்தான். 0, 128, 0 பச்சையில் முழுச் சிவப்பு 1.3. சாயல் எவ்வளவு தள்ளி இருந்தாலும் ஒளிர்வு ஒன்றாகிவிட்டால் எழுத்து நடுங்குவதுபோலத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்களுக்கு, பெரும்பாலும் ஆண்களுக்கு, அந்த எழுத்தைப் படிப்பது இன்னும் கடினம். எளிய சோதனை: வடிவமைப்பைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதிலும் படிக்க முடிந்தால் நிறச் சேர்க்கை தேறிவிட்டது.

பெட்டியில் நீங்கள் விளையாடக்கூடாத ஒரு நிறம் உண்டு. சைவ உணவுக்கான பச்சைக் கோட்டுச் சதுரமும் அதனுள் பச்சை வட்டமும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அது மாறுபட்டுத் தெரியும் பின்னணியில், முகப்புப் பக்கத்தில் இருக்கவேண்டும். பழுப்பின் மேல் நேரடியாக வைக்காமல் சிறு வெள்ளைக் கட்டத்துக்குள் வையுங்கள். அதோடு, அச்சடித்த பக்கம் அல்வாவைத் தொடக்கூடாது. நெய் மையை இளக்கும். உள்ளே பட்டர் பேப்பர் வேண்டும். உணவுப் பெட்டிக்கான மை ஐஎஸ் 15495 தரத்தில் இருக்கவேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் பேக்கேஜிங் விதிகள் சொல்கின்றன. அச்சகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 6: மென்பொருளைத் தயார் செய்யுங்கள்

ஃபோட்டோஷாப் நிறுவியவுடன் சிஎம்ஒய்கே இடத்தில் அமெரிக்க ஸ்வாப் புரொஃபைல் இருக்கும். பெரும்பாலானோர் அதை மாற்றுவதே இல்லை. அச்சகம் சொன்ன புரொஃபைலை, பூச்சுள்ள தாளுக்கு உதாரணமாக ஃபோக்ரா39ஐ, கலர் செட்டிங்ஸில் வையுங்கள். கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் எல்லாவற்றிலும் ஒரே அமைப்பு இருக்கட்டும். ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால் ஒரே எண் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறமாகத் தெரியும். இலவச மென்பொருளில் அச்சு வேலை செய்பவர்களுக்கு ஸ்கிரைபஸ் நல்ல தேர்வு. அதில் சிஎம்ஒய்கேயும் புரொஃபைலும் முறையாக வேலை செய்யும்.

புகைப்படங்களை ஆர்ஜிபியிலேயே திருத்துங்கள். மாற்றுவது கடைசியில், அதுவும் நகலில். ஒரு முறை சிஎம்ஒய்கேக்குப் போய்ச் செத்துப்போன பச்சை, திரும்ப ஆர்ஜிபிக்கு வந்தாலும் உயிர் பெறாது. ஃபோட்டோஷாப்பில் திருத்தும்போது கன்ட்ரோல், ஒய் அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்று திரையே காட்டும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் அச்சுக்கு அடங்காத இடங்களைச் சாம்பல் நிறத்தில் குறித்துக் காட்டும். சாம்பல் பூத்த இடங்களில் செறிவை மட்டும் கொஞ்சம் இறக்குங்கள், மொத்தப் படத்தையும் மங்கச் செய்யாதீர்கள்.

மாற்றும் முறையில் பெர்செப்சுவல், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் என்று இரண்டு முக்கியம். முதலாவது எல்லா நிறத்தையும் சேர்த்துச் சுருக்கி, அவற்றின் உறவைக் காப்பாற்றும். வயல், அருவி போன்ற படங்களுக்கு ஏற்றது. இரண்டாவது அடங்கும் நிறங்களை அப்படியே விட்டு, அடங்காதவற்றை மட்டும் ஓரத்துக்குத் தள்ளும். லோகோவுக்கும் முகங்களுக்கும் அதுவே நல்லது.

படி 7: கறுப்பையும் எழுத்தையும் கவனியுங்கள்

ஆர்ஜிபி கறுப்பை அப்படியே மாற்றினால் நான்கு மையும் கலந்த கறுப்பு வரும், மொத்தம் 300ஐத் தொடும் அல்லது தாண்டும். ஆர்ட் தாள் 300 முதல் 320 வரை தாங்கும். செய்தித்தாள் 240க்கு மேல் தாங்காது. மிஞ்சினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். கறுப்பு எழுத்துக்கு எப்போதும் கறுப்பு 100 மட்டும், ஓவர்பிரிண்ட் போட்டு, அதாவது கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அடிக்கும்படி. பெரிய கறுப்புப் பரப்புக்கு மட்டும் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று வையுங்கள். வெறும் கறுப்பு 100 பெரிய பரப்பில் வெளிறிய சாம்பலாகத் தெரியும்.

தமிழ் எழுத்துக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். ண, ஞ, ணி போன்றவற்றின் சுழிகள் சிறியவை. பல மை கலந்த பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால், மைகள் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்ட்ரேஷன் ஒரு மயிரிழை விலகினாலும் சுழி அடைத்துக்கொள்ளும். பெட்டியில் உள்ள பொருள் பட்டியலை எட்டு பாயின்ட் அளவில் பழுப்பின் மேல் வெள்ளையாகப் போடாதீர்கள். வெளிர் கட்டத்துக்குள் கறுப்பில் போடுங்கள். வெள்ளையாகத்தான் விடவேண்டும் என்றால் தடித்த எழுத்துரு, பத்து பாயின்ட்டுக்கு மேல்.

படி 8: ஸ்பெஷல் கலர் எப்போது?

கல்யாண அழைப்பிதழ்தான் இதற்குச் சிறந்த உதாரணம். மங்கல காரியத்தில் கறுப்பு எழுத்து கூடாது என்று பல வீடுகளில் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மெரூனில் போடுவோம். நான்கு நிற அச்சில் மெரூன் என்றால் சயான் 20, மெஜந்தா 100, மஞ்சள் 90, கறுப்பு 20 என்று நான்கு மையும் வேண்டும். தாத்தா பாட்டி பெயரிலிருந்து மதினி, மச்சான் பெயர் வரை நெருக்கி அடிக்கும் சிறு எழுத்தை நான்கு மையில் அடித்தால் ஓரமெல்லாம் வண்ண நிழல் விழும். மெரூனையே ஒரு தனி மையாகக் கலந்து அடியுங்கள். எழுத்து ஒரே பிளேட்டில் கூர்மையாக விழும்.

பொன் நிறமும் அப்படியே. நான்கு மையில் பொன் வராது, மங்கிய கடுகு நிறம்தான் வரும். பேன்டோன் 871 போன்ற உலோக மை அல்லது சூட்டில் அழுத்தி ஒட்டும் மினுங்கும் தகடான ஃபாயில், இரண்டில் ஒன்று. ஃபாயில் மினுங்கும், ஆனால் மெல்லிய கோடுகளில் உடையும். பிள்ளையார் படத்தின் நகை வேலைப்பாட்டைக் கொஞ்சம் எளிமைப்படுத்திக் கொடுங்கள்.

அழைப்பிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவோம் அல்லவா, அதற்கும் வடிவமைப்பில் இடம் விடவேண்டும். மூலையில் அடர்நிறம் இருந்தால் மஞ்சள் தெரியாது. பளபளப்பு லேமினேஷன் போட்டால் மஞ்சள் பிடிக்காமல் உதிரும். மூலைகள் வெளிர் நிறத்தில், லேமினேஷன் இல்லாத தாளில் இருக்கட்டும்.

அல்வாப் பெட்டிக்கும் இதையே யோசிக்கலாம். பெட்டியில் புகைப்படம் இல்லையென்றால் நான்கு பிளேட் எதற்கு? குங்குமத் துளியை விட்டுவிட்டால் பழுப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று என இரண்டு ஸ்பெஷல் கலர், சைவக் குறிக்கு ஒரு பச்சை. பொருள் பட்டியலைக் கறுப்புக்குப் பதில் அந்தப் பழுப்பிலேயே போடலாம். பெரிய பழுப்புப் பரப்பு புள்ளியில்லாமல் கனமாக, முதல் தாள் முதல் கடைசித் தாள் வரை ஏறக்குறைய ஒன்றுபோல வரும். நான்கு மையில் கலந்த பழுப்போ, மெஜந்தா கொஞ்சம் ஏறினால் சிவக்கும், சயான் ஏறினால் பச்சையடிக்கும். பழுப்பு அச்சில் எளிதில் அலைபாயும் நிறம். சிறிய கடைக்கு நான் முதலில் சொல்வது இதுவே.

படி 9: ஃபிளெக்ஸ், துணிப்பை, திரை

ஃபிளெக்ஸுக்கு நிஜ அளவில் 72 முதல் 100 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) போதும், தூரத்திலிருந்துதானே பார்க்கிறோம். வெயில்தான் இங்கே பிரச்சினை. மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும். பாளையங்கோட்டைச் சாலைகளில் நாளான போஸ்டர்கள் நீலம் பூத்து நிற்பது அதனால்தான். நீண்ட நாள் தொங்கவேண்டிய பலகையில் கடைப் பெயர் வெறும் மஞ்சளையோ சிவப்பையோ நம்பி இருக்கவேண்டாம். வெளுத்த பின்னும் ஒளி வேறுபாடு நிற்கும்படி, அடர்ந்த பின்னணியில் வெள்ளை எழுத்தாக வையுங்கள்.

காடாத் துணிப்பையில் ஸ்க்ரீன் பிரிண்டிங். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். துணியே பழுப்பு கலந்திருப்பதால் மஞ்சள் மூழ்கிவிடும். அடர்பழுப்பு ஒன்று மட்டும் போதும்.

இனி திரை. பெட்டி முடிவான பிறகு அதை வைத்துக்கொண்டு அருகில் திரையில் ஆர்ஜிபி எண்ணைச் சரிசெய்யுங்கள். கைப்பேசியில் விவிட் மோடும் கண் பாதுகாப்பு மோடும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று நிறத்தை ஏற்றும், மற்றது மஞ்சளாக்கும். எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைப் பதித்துச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அமுக்கப்பட்டு எழுத்தோரங்கள் கலங்கும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

படி 10: புரூஃபும் கோப்பும்

அச்சகத்துக்குப் போகும் கோப்பு, அச்சுக்கென்றே வகுத்த பிடிஎஃப் வகைகளான பிடிஎஃப்/எக்ஸ்-4 அல்லது பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ. எது வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். எக்ஸ்-1ஏயில் எல்லாம் சிஎம்ஒய்கேயாகவோ ஸ்பெஷல் கலராகவோ மட்டுமே இருக்கவேண்டும், எக்ஸ்-4 ஆர்ஜிபி படங்களையும் டிரான்ஸ்பரன்சியையும் (கீழுள்ளது ஊடுருவித் தெரியும் அடுக்குகளை) ஏற்கும். படங்கள் 300 டிபிஐ, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியே நீட்டிவிடும் நிறம். ஸ்பெஷல் கலருக்கு ஒரே பெயர். ஒரே பழுப்பு இரண்டு பெயரில் கோப்பில் இருந்தால் இரண்டு பிளேட் விழும்.

புரூஃபைப் பார்க்க நியமமான ஒளி 5000 கெல்வின். அச்சகத்தில் அந்த விளக்கு இல்லையென்றால், காலை பத்து மணி வாக்கில் வாசலுக்கு வந்து நிழலில் நின்று பாருங்கள். அப்புறம் கடையின் விளக்கு வெளிச்சத்திலும் ஒரு முறை பாருங்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பழுப்பு இன்னொரு விளக்கில் வேறாகப் பிரிந்து தெரிவது உண்டு. மாட் லேமினேஷன் போடுவதாக இருந்தால் போட்ட பிறகு நிறம் எப்படி மாறுகிறது என்று ஒரு தாளில் பார்த்துவிடுங்கள், செறிவு சற்றுக் குறையும். அண்ணாச்சியிடம் கைப்பேசியைக் காட்டிச் சம்மதம் வாங்கவேண்டாம். அச்சான தாளைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

கையெழுத்தான தாளில் இரண்டைப் பத்திரப்படுத்துங்கள், வெளிச்சம் படாத உறையில். உறையின் மேல் தாளின் வகை, ஜிஎஸ்எம், மை எண்கள், லேமினேஷன், தேதி எல்லாம் எழுதி வையுங்கள். தீபாவளிக்கு மறுபடி ஆர்டர் வரும்போது கோப்போடு இந்தத் தாளில் ஒன்றையும் அச்சகத்துக்கு அனுப்பி, இதற்குப் பொருத்தி அடிக்கச் சொல்லுங்கள்.